பொறியியல் பயின்ற முதற்பெண் அ. இலலிதா

முன்னுரை

1905ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த பெண்களுக்கான ஆங்கில இதழொன்றில் ஒரு சிறுகதை அச்சாயிற்று. அதை எழுதியவர் வங்கத்து முஸ்லிம் பெண்மணியாகிய பேகம் ரொகேயா. கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’. பெண்களே ஆட்சி நடத்தும் கற்பனை நாடு ஒன்றை அவர் அதில் படைத்துக் காட்டினார். அந்நாட்டுப் பெண்கள் பல்கலைக்கழகங்களை நடத்துகின்றனர். முகிலிலிருந்து நேரே நீரை இறக்கிக்கொள்கின்றனர். கதிரவனின் வெப்பத்தைச் சேர்த்துவைத்து அடுக்களைக்கும் பயன்படுத்துகின்றனர். நாட்டைக் காக்கும் கருவியாகவும் ஆக்கிக்கொள்கின்றனர். கதைத்தலைவி கண்விழிக்கக் கனவு கலைந்துவிடுகிறது.

அவ்விதழ் வெளிவந்த அதே சென்னையில், 35 ஆண்டுகளுக்குப் பின்னர், இளம்பெண் ஒருவர் கிண்டிப் பொறியியற் கல்லூரியின் படியேறினார். அவர்தாம் அய்யலசோமயாஜுல இலலிதா. ரொகேயாவின் கதைக்கும் இலலிதாவின் வாழ்வுக்கும் நேரிய தொடர்பு இருந்ததென்று நாம் கூற வரவில்லை. ஒருவர் கனவாகக் கண்டதை மற்றொருவர் கல்வியாகவும் தொழிலாகவும் ஆக்கிக்கொண்டார் என்பதே நாம் சுட்ட விரும்புவது.

ஆண்டுதோறும் மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் ஊர்களின் வீடுகள் பலவற்றில் ஒரே வினா எழுகின்றது. மகளை எதற்குப் படிக்க வைப்பது என்பதே அவ்வினா. பொறியியல் பெண்ணுக்கு ஏற்றதா, எந்திரங்களுக்கிடையே அவள் எப்படி நிற்பாள், மணமான பின் அப்படிப்பு என்னாகும் என்றெல்லாம் பெற்றோர் கலங்குகின்றனர். இவ்வினாக்கள் அனைத்தையும் நம்மினும் கடுமையான காலத்தில் எதிர்கொண்டு விடைகண்டவர் இலலிதா. அவர்தம் வரலாற்றை நம் மாணவியரும் அவர்தம் பெற்றோரும் அறிந்துகொள்வது நலம் பயக்குமெனக் கருதி ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

பிறப்பும் குடும்பமும்

இலலிதா 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பம் அவருடையது. உடன்பிறந்தார் எழுவருள் அவர் ஐந்தாமவர். தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியராக விளங்கியவர். இலலிதா பிறந்த அதே 1919இல்தான் இலண்டனில் பெண் பொறியாளர் கழகம் தோன்றியது. பிற்காலத்தில் அக்கழகமே அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது என்பதை எண்ணும்போது இவ்வொற்றுமை நமக்கு வியப்பளிக்கின்றது.

படித்த குடும்பம்தான், எனினும் அக்காலத்து வழக்கம் அவ்வீட்டையும் விட்டுவைக்கவில்லை. ஆண்மக்கள் பொறியாளராயினர். பெண்மக்களின் படிப்போ அடிப்படைக் கல்வியோடு நின்றது. பொறியியற் பேராசிரியரின் இல்லத்திலேயே மகனுக்கொரு கல்வி, மகளுக்கொரு கல்வி என்னும் நிலை இருந்தது. பின்னாளில் அந்நிலையை மாற்றியவரும் அதே தந்தையார்தாம். அவர் மாறியதற்குரிய காரணம் மகளின் வாழ்வில் விழுந்த பேரிடியாகும்.

மணமும் இழப்பும்

1934இல் தம் 15ஆம் வயதில் இலலிதா மணமகளானார். 1930இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என்றே வரையறுத்திருந்தது. ஆதலின் அது சட்டத்துக்கு உட்பட்ட மணமே. மணத்துக்குப் பின்னரும் பள்ளி இறுதி வகுப்பு வரையிலேனும் மகள் படிக்கவேண்டும் என்பதில் தந்தையார் உறுதியாக இருந்தார். அச்சிறு உறுதியே பின்னர் பெருந்துணையாயிற்று. பள்ளியிறுதிச் சான்று கையில் இல்லாதிருந்தால் அவருக்குக் கல்லூரிக் கதவு திறந்திருக்க வழியில்லை.

1937இல் இலலிதா பெண்குழந்தை ஒன்றை ஈன்றெடுத்தார். குழந்தை நான்கு திங்கள் நிறைந்த நிலையில் கணவர் காலமானார். இலலிதாவுக்கு அப்போது வயது பதினெட்டு. கணவனை இழந்த பெண்ணை முடிமழித்து மூலையில் அமர்த்தும் கொடுவழக்கம் சில குடும்பங்களில் அந்நாளில் இன்னும் மறையவில்லை. வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்து, மங்கல நிகழ்ச்சிகளில் முகங்காட்டாது ஒதுங்கி வாழ்வதே அவளுக்கு விதிக்கப்பட்ட நெறி. இலலிதா அந்நெறிக்குத் தலைவணங்கவில்லை. கையில் குழந்தையுடன் தந்தையார் இல்லத்துக்குத் திரும்பினார். அழுதுகொண்டு அமர்ந்திராமல் படிக்க விழைந்தார். சென்னைக் கடற்கரையை நோக்கி நிற்கும் இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்து இடைநிலை வகுப்பில் முதல் வகுப்பில் தேறினார்.

பொறியியலைத் தேர்ந்தமை

அடுத்து என்ன படிப்பது? அந்நாளில் படித்த பெண்களுக்கு ஆசிரியப் பணியும் மருத்துவமுமே கண்முன் தெரிந்த வழிகள். மருத்துவம் மதிப்புமிக்கது, தேவையும் மிகுந்தது. ஆயினும் இலலிதா அதனை விரும்பவில்லை. நள்ளிரவில் நோயாளியின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், உறங்கும் குழந்தையை விட்டுச் செல்லவேண்டுமே என்பதே அவர்தம் கவலை. காலையில் சென்று மாலையில் குழந்தையிடம் திரும்பத்தக்க பணியொன்று அவருக்கு வேண்டியிருந்தது. தந்தையாரும் உடன்பிறந்தாரும் பொறியாளராதலின் அத்துறை அவருக்கு அயலன்று. வீட்டுப் பேச்சிலேயே மின்னாக்கியும் மின்மாற்றியும் காதில் விழுந்து பழகியவர்.

பொறியியல் பெண்ணின் இல்வாழ்வுக்கு ஒவ்வாதது என்று கூறுவோர் இன்றும் உளர். இலலிதாவோ குழந்தையை வளர்ப்பதற்கு ஏற்றது என்று கருதியே பொறியியலைத் தேர்ந்தார். புகழ்பெற வேண்டுமென்றோ முதல்வராக வேண்டுமென்றோ அவர் கிளம்பவில்லை. தாயின் கணக்கும் தன்மானத்தின் கணக்கும் சேர்ந்து இட்ட முடிவு அது.

கிண்டிக் கல்லூரியில்

கிண்டிப் பொறியியற் கல்லூரி நெடும் பழமை உடையது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1859இல் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. எந்திரப் பொறியியல் 1894இலும் மின்பொறியியல் 1930இலும் அங்குத் தொடங்கப்பெற்றன. நூற்றாண்டுக்கு மேற்பட்ட அவ்வரலாற்றில் ஒரு பெண்ணும் அங்கு மாணவியாகச் சேர்ந்ததில்லை.

தந்தையார் சுப்பாராவ் கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவையும், பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டாதமையும் அணுகித் தம் மகளைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினார். இருவரும் இசைந்தனர். 1940இல் இலலிதா மின்பொறியியல் மாணவியானார். மகளின் தகுதியை ஊரறியக் கூறித் தாம் பணிபுரியும் கல்லூரியிலேயே இடம் கேட்ட தந்தையின் துணிவும், இதுவரை வழக்கமில்லை என்று கூறித் தட்டிக்கழிக்காத அவ்விரு அலுவலர்தம் பெருந்தன்மையும் போற்றத்தக்கன.

சேர்க்கை கிடைத்ததோடு இடர் தீர்ந்துவிடவில்லை. நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களிடையே ஒரே ஒரு பெண். அவருக்கெனத் தனியே விடுதி ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. வார நாள்களில் அவர் விடுதியில் தங்கினார். குழந்தையை உறவினர் பேணினர். வார இறுதியில் தாயும் மகளும் கூடினர். உடன்பயின்ற மாணவர்கள் அவரிடம் கண்ணியமாகவே பழகினர் என்பது குடும்பத்தார்வழி நாம் அறியும் செய்தி. ஆயினும் மாலையில் வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பினால் பேச்சுத்துணைக்கு ஒருவருமில்லை. பாடத்தின் கடுமையைவிடத் தனிமையின் கடுமையே அவரை வாட்டியது.

இங்கேதான் சுப்பாராவ் தம் மகளுக்கு மட்டுமன்றிப் பிற வீட்டு மகளிருக்கும் நன்மை செய்தவராகின்றார். பெண்களும் பொறியியலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் செய்யுமாறு கல்லூரியை அவர் இசைவித்தார். அவ்வழைப்புக்குச் செவிசாய்த்து இருவர் வந்து சேர்ந்தனர். ஒருவர் பி.கே. திரேசியா, மற்றவர் லீலம்மா ஜார்ஜ். இருவரும் மலையாள நாட்டினர். இருவரும் கட்டடப் பொறியியலைத் தேர்ந்தவர். கதவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லாதவரை அது மூடிய கதவாகவே எண்ணப்படும். ஒரு விளம்பரம் அவ்வெண்ணத்தை நீக்கியது.

பட்டமும் பயிற்சியும்

இரண்டாம் உலகப்போர் காரணமாகப் பல்கலைக்கழகம் படிப்புக் காலத்தைச் சில திங்கள் சுருக்கியது. ஆதலின் ஓராண்டு முன்பின்னாகச் சேர்ந்த மூவரும் ஒருங்கே படிப்பை முடிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. 1943இல் மூவரும் பட்டத்துக்குரியவராயினர். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்னும் சிறப்பை முதலிற் சேர்ந்த இலலிதாவுக்கு உலகம் வழங்குகின்றது. அச்சிறப்பில் மற்ற இருவருக்கும் பங்குண்டு.

அந்நாளில் கல்லூரி வழங்கிய சான்றிதழ் பற்றிய செய்தியொன்று தமிழ்த்துறையினராகிய நமக்குச் சுவைதருவது. அச்சிட்ட படிவத்தில் ஆங்கில ஆண்பாற் சுட்டுப்பெயரே இருந்தது. பெண்ணொருத்தி அச்சான்றைப் பெறுவாள் என்று படிவம் அமைத்தோர் எண்ணியதில்லை. ஆதலின் அச்சொல்லை மையால் அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர். பாற்பாகுபாட்டை நாம் இலக்கணத்தில் கற்பிக்கின்றோம். ஒரு கல்லூரியின் இலக்கணத்தையே ஒரு மாணவி திருத்த வைத்தார் எனில் அது மிகையன்று.

பட்டப்படிப்பின் செய்முறைப் பகுதியை நிறைவு செய்யப் பீகாரிலுள்ள ஜமால்பூர் இருப்புப்பாதைப் பணிமனையில் அவர் ஓராண்டு பயிற்சி பெற்றார். 1862இல் நிறுவப்பெற்ற அப்பணிமனை நாட்டின் மிகப் பழைய தொடர்வண்டிப் பணிமனைகளுள் ஒன்று. நீராவி எஞ்சின்கள் பழுதுபார்க்கப்படும் அவ்விடத்தில், எண்ணெயும் இரும்புத் துகளும் படிந்த தளத்தில் நின்று அவர் தொழில் கற்றார்.

1944இல் சிம்லாவிலிருந்த மையத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராகச் சேர்ந்து 1946 இறுதிவரை பணியாற்றினார். அக்காலத்தில் இலண்டனிலுள்ள கட்டமைப்புப் பொறியாளர் நிறுவனத்தின் பட்டயத் தேர்வையும் எழுதினார். பின்னர்ச் சிறிது காலம் தந்தையாரின் ஆய்வுகளுக்குத் துணைநின்றார். மின்னியக்க இசைக்கருவி, புகையில்லா அடுப்பு முதலியன தந்தையார் முயன்ற பொருள்கள். அடுப்புப் புகையால் கண் கலங்கும் பெண்களை எண்ணிப் பார்த்தால் அவ்வாய்வின் அருமை விளங்கும். ஆயினும் தம் குடும்பத்தைத் தாமே தாங்கவேண்டிய நிலையில் நிலையான ஊதியம் தரும் பணியை அவர் நாடவேண்டியதாயிற்று.

கல்கத்தா வாழ்க்கை

1948இல் கல்கத்தாவிலிருந்த அசோசியேட்டட் எலக்டிரிக்கல் இண்டஸ்டிரீஸ் என்னும் நிறுவனத்தில் இலலிதா சேர்ந்தார். உடன்பிறந்தார் ஒருவர் அந்நகரில் வாழ்ந்தமையால் மகளை வளர்ப்பதற்கும் துணை கிடைத்தது. அந்நகரில்தான் பேகம் ரொகேயா 1911இல் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தத் தொடங்கி, 1932இல் தாம் மறையும்வரை வீடுவீடாகச் சென்று பெண்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு வேண்டிவந்தார் என்பதை ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

இலலிதா அந்நிறுவனத்தில் செய்த பணி யாது? மின்செலுத்தத் தடங்களை வடிவமைத்தல், துணைமின் நிலையங்களின் அமைப்பை வரைதல், மின்காப்புக் கருவிகளைத் திட்டமிடுதல், ஒப்பந்தப் பணிகளை நிறைவேற்றுதல் ஆகியன அவர்தம் பொறுப்பில் இருந்தன. இவற்றின் அருமையை நம் கலைப்பிரிவு மாணவியரும் உணருமாறு சிறிது விளக்குவோம்.

மின்னாற்றல் பிறக்கும் இடம் அணையின் அடியில். பயன்படும் இடம் நெடுந்தொலைவிலுள்ள ஆலையும் வயலும் வீடும். கம்பிவழிச் செல்லும்போது மின்னாற்றலின் ஒருபகுதி வெப்பமாகி வீணாகின்றது. மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் அவ்விழப்பு நான்கில் ஒன்றாகக் குறையும். அதற்காகவே மின்னழுத்தத்தை மிக உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புகின்றனர். உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கும் கோபுரங்கள் எத்துணை உயரம் வேண்டும், கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே எத்துணை வெளி வேண்டும், இடிமின்னல் தாக்கினால் எந்தக் கருவி எந்த நொடியில் இணைப்பைத் துண்டிக்கவேண்டும் என்பனவெல்லாம் முன்கூட்டியே கணக்கிடப்படல் வேண்டும். கணக்கில் பிழை நேர்ந்தால் ஊர் இருளும். சில வேளைகளில் உயிரும் போகும். வலிய தோள்களைவிடக் கூரிய கவனத்தையே இப்பணி வேண்டுகின்றது. அதில் ஆண்மை பெண்மை என்னும் வேறுபாட்டுக்கு இடமில்லை.

சட்லெஜ் ஆற்றின் குறுக்கே எழுந்து 1963இல் நாட்டுக்கு ஒப்படைக்கப்பெற்ற பக்ரா அணை 226 மீட்டர் உயரமுடையது. விடுதலை பெற்ற இந்தியாவின் பெருமுயற்சிகளுள் ஒன்றாகிய அப்பக்ரா நங்கல் திட்டத்தின் மின்பணிகளிலும் இலலிதா பங்காற்றினார். பதினெட்டு வயதில் இருட்டறைக்குள் ஒதுங்கவேண்டியவர் என்று உலகம் முடிவுகட்டிய பெண், வடபுலத்து ஊர்களுக்கு ஒளி செல்வதற்கு உழைத்தார். அவர் பணியாற்றிய நிறுவனம் பின்னர் ஜெனரல் எலக்டிரிக் நிறுவனத்தோடு இணைந்தது. உரிமையாளர் மாறினும் அவர் பணி தொடர்ந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் உழைத்து 1977இல் ஓய்வுபெற்றார்.

பன்னாட்டு அரங்கில்

இலண்டன் மின்பொறியாளர் நிறுவனம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க்கு நகரில் பெண் பொறியாளர், அறிவியலாளர்தம் முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. இந்தியாவில் அத்தகைய பெண்கள் அமைப்பு அந்நாளில் இல்லாமையால், அவர் தனிநிலையில் அதிற் கலந்துகொண்டார். பல நாட்டுப் பெண் பொறியாளரை ஓரிடத்தில் கண்ட அவ்வனுபவம் அவர்தம் வாழ்வில் ஒரு திருப்பமாயிற்று. நாடு திரும்பியபின் பெண்களுக்கான இதழ்கள் அவரை நேர்கண்டு எழுதின. அதுவரை தம் மேசையும் வரைபடமும் எனப் பணியாற்றிவந்தவர், அதன்பின் தம் துறையைப் பற்றிப் பிற பெண்களுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பையும் ஏற்றார்.

1965இல் இலண்டன் பெண் பொறியாளர் கழகத்தின் முழு உறுப்பினரானார். 1967 ஜூலைத் திங்களில் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாம் மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பாளராக இருந்து, இந்நாட்டுப் பெண் பொறியாளருக்கு அதுபற்றி அறிவித்து ஊக்குவித்தார். முதல் மாநாட்டுக்குத் தனியே சென்றவர், இரண்டாம் மாநாட்டுக்குப் பிறரையும் அழைத்துவர முயன்றார். கிண்டியில் தந்தையார் தமக்குச் செய்ததை அவர் பிறருக்குச் செய்தார் என்றே நாம் இதனைக் கொள்கின்றோம்.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார். ஓய்வுபெற்று ஈராண்டே கழிந்த நிலையில், 1979 அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள், அறுபதாம் வயதில் இயற்கை எய்தினார். அவருடன் பயின்ற திரேசியா 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளராக உயர்ந்து, அப்பதவியை அடைந்த முதல் இந்தியப் பெண் என்னும் பெருமை பெற்றதை இலலிதா தம் வாழ்நாளிலேயே காணமுடிந்தது.

நாம் கற்கவேண்டுவன

இவ்வாழ்வினின்று நாம் கற்பன சில உள. முதலாவது, இலலிதா தனியொருவராக வென்றவர் அல்லர். இடம் கேட்ட தந்தை, இசைந்த முதல்வர், குழந்தையைப் பேணிய உறவினர், விடுதி தந்த கல்லூரி ஆகிய அனைவரும் சேர்ந்தே அவரைப் பொறியாளராக்கினர். பெண்ணுக்குத் துணிவு வேண்டும் என்று மேடையில் முழங்குதல் எளிது. அத்துணிவு தளராதிருக்கப் பாதுகாப்பான விடுதியும், பேச்சுத்துணைக்குத் தோழியரும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு கையும் வேண்டும்.

இரண்டாவது, கண்ணாற் காணாத துறையைக் கருத்தால் விரும்புதல் அரிது. இலலிதாவுக்குத் தம் வீடே பொறியியலைக் காட்டியது. அத்தகைய வீடு எல்லாப் பெண்களுக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே பள்ளியும் கல்லூரியும் அவ்வீட்டின் இடத்தில் நிற்கவேண்டும். கோடை விடுமுறையில் மாணவியரைத் துணைமின் நிலையத்துக்கோ அணைக்கோ பணிமனைக்கோ அழைத்துச் செல்லலாம். வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் தம்பியை மட்டும் அழைக்காமல் தங்கையிடமும் திருப்புளியைக் கொடுத்துப் பார்க்கலாம். செய்து பார்த்த கைக்கு அச்சம் விலகும்.

மூன்றாவது, இன்று கதவுகள் பல திறந்துள்ளன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிப் பொறியியல் வகுப்புகள் தொடங்கப்பெற்றன. 2018 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியருக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்க முன்வந்தது. எனினும் சேர்வதோடு கதை முடிவதில்லை. நன்கு பயின்று பட்டம்பெற்று, மணத்துக்குப் பின் அப்பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு அமர்ந்துவிட நேர்கின்ற பெண்களை நாம் நம் தெருவிலேயே காண்கின்றோம். இலலிதாவின் வாழ்வில் நாம் மிகுதியும் போற்றுவது 1940இல் அவர் பெற்ற சேர்க்கையை அன்று. 1948 தொடங்கி 1977 வரை விடாது ஆற்றிய பணியையே. மருமகளின் வேலையைத் தம் வீட்டின் பெருமையாகக் கருதும் மாமியாரும் மாமனாரும், வீட்டுப் பொறுப்பில் பாதியைத் தோளேற்கும் கணவரும் அமைந்தாலன்றி நம் மகளிரின் பட்டம் தொழிலாக மலராது.

முடிவுரை

பேகம் ரொகேயா ஒரு நாட்டையே கனவில் கண்டார். இலலிதா அத்துணைப் பெரிதாகக் கனவு காணவில்லை. மாலையில் மகளிடம் திரும்பத்தக்க மதிப்பான பணியொன்று வேண்டும் என்பதே அவர்தம் விருப்பம். அச்சிறு விருப்பத்தை அவர் கைவிடாமையால் ஒரு கல்லூரி தன் படிவத்தில் சொல்லொன்றைத் திருத்த நேர்ந்தது. பின்வந்த மகளிருக்கு வழியும் பிறந்தது.

நம் கல்லூரி மாணவியருள் சிலர் தம் தங்கையரைப் பொறியியலுக்கு அனுப்பலாமா என்று வீட்டில் நடக்கும் உரையாடலைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவ்வுரையாடலில் வாய்திறந்து பேசுமாறு அவர்களை வேண்டுகின்றோம். அண்டை வீட்டார் என்ன சொல்வர் என்ற பேச்சு எழும்போது, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு படிக்கத் தொடங்கிய சென்னைப் பெண்ணொருத்தியின் கதையை அவர்கள் எடுத்துரைப்பாராக. அவ்வாறு ஒரு வீட்டில் ஒரு தங்கைக்கேனும் இடம் கிடைக்குமாயின் இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.